சூரிச் முதற்பலன்

ஃப்ரீமான்ட் தமிழ்க் குடும்ப ஜெபக்கூட்டத்தில் பணத்துக்காக ஜெபிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அப்படியொரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தரவுமில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுகிற பதினோரு குடும்பங்களும், செருப்பை வாசலில் கழற்றுவதைப் போல, அதை நினைக்காமலே கடைப்பிடித்தன.

பித்தப்பையில் கல் என்றால் கேட்கலாம். ஊரில் அம்மாவுக்குக் கண்புரை, தம்பிக்கு விசா, மகனுக்கு அல்ஜீப்ரா, நாங்குநேரிப் பக்கம் மழை இல்லை என்று எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. பட்டுப்போகவிருந்த ஓர் எலுமிச்சைக் கன்றுக்காகக்கூட ஒரு முறை ஜெபித்திருக்கிறார்கள். வேலை போய்விட்டால், 'வேலைக் காரியத்தில் கர்த்தருடைய சித்தம் வெளிப்பட' என்று விண்ணப்பம் வரும். அதைவிட நெருக்கடி என்றால், 'மனதிலுள்ள ஒரு விண்ணப்பம்' என்று சொல்லிக் கையை உயர்த்தினால் போதும். மேற்கொண்டு யாரும் விசாரிக்க மாட்டார்கள். கூட்டத்தை நடத்தும் ஜீவரத்தினம் தம் நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் போட்டுக்கொள்வார். மரிய அந்தோணி பதினெட்டு சதவீத வட்டிக்கு வாங்கிய வீட்டை வங்கியிடம் விட்டுவிட்டு, டெக்சஸில் மச்சினன் வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பியபோது, அவருடைய விண்ணப்பம் 'பிரயாணப் பாதுகாப்பு' என்றே நோட்டில் ஏறியது. கூடியிருந்த அத்தனை பேரும் கண்களை மூடி, அவருடைய வேனின் டயர்களுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு அக்டோபர் மாதத்து முறை ஜெயலீலாவுடையது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை, டேகேரில் தன் வேலையை முடித்து, மகள் ஏஞ்சலினைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு அவள் அபார்ட்மென்ட்டுக்குத் திரும்பியபோது கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. எட்டு வயது ஏஞ்சலின் எதைக் கண்டாலும் உரக்கப் படிக்கும் பருவத்தில் இருந்தாள்.

"த்ரீ டே நோட்டீஸ் டு பே ரென்ட் ஆர் க்விட்," என்று ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "மம்மி, வாட் ஆர் வி க்விட்டிங்?"

"ஒண்ணும் இல்ல. உள்ள போ."

"பியானோவா?"

"பியானோவ எப்பவோ க்விட் பண்ணியாச்சு. ஷூவக் கழட்டு."

மூன்று நாளைக்குள் வாடகையைக் கட்டு, இல்லையேல் காலி செய் என்பது அந்தத் தாளின் சாரம். ஜெயலீலா அதைக் கிழியாமல் பிரித்தெடுத்தாள். டேப்போடு கதவின் பெயின்ட் கொஞ்சம் உரிந்து வந்தது. இதையும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. பயமோ அழுகையோ வரக்கூடும் என்று அவள் சற்று நேரம் வாசலிலேயே நின்று பார்த்தாள். வெளியூரிலிருந்து வரவேண்டியவர்களுக்காக ரயிலடியில் நிற்பதைப் போல நின்றாள். யாரும் வந்து இறங்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சமையலறையில் மேசைத்துணிகள் இருக்கும் இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, பருப்பை ஊறப் போட்டாள்.

மறுநாள் மேனேஜர் கரோலைப் பார்க்கப் போனாள். கரோல் நல்லவள். அவளுடைய பூனை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தது. தனக்கு ஜெயலீலாவின் குடும்பத்தை மிகவும் பிடிக்கும் என்றும், முடிவு தன் கையில் இல்லை, உரிமையாளர்களின் கையில் இருக்கிறது என்றும், திங்கட்கிழமை மாலை ஐந்து மணிவரை காத்திருப்பதாகவும் சொன்னாள். அதன் பிறகு விஷயம் கோர்ட்டுக்குப் போய்விடும். போய்விட்டால் இந்த ஊரில் வேறு எந்த அபார்ட்மென்ட்டும் கிடைப்பது கடினம் என்றும் சொன்னாள். போகும்போது பூனையைத் தடவிக் கொடுக்கலாம் என்றாள். ஜெயலீலா தடவிக் கொடுத்தாள்.

அறுநூற்று இருபது டாலர். அதுதான் வாடகை. டேகேர் சம்பளம் அரிசிக்கும் காருக்கும் சரியாகப் போய்விடும். வாடகை, ஒவ்வொரு மாதமும் சூரிச்சிலிருந்து வரும் செக்கில் இருந்துதான். இந்த மாதம் செக் இன்னும் வரவில்லை.

சூரிச் என்ற சொல்லை இந்தப் பதினோரு குடும்பங்களும் உச்சரிக்கும்போது அதில் ஓர் இனிப்பு இருக்கும். ஜெயலீலாவின் கணவன் சாந்தகுமார் அங்கே போய் ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. சன்னிவேலில் அவன் வேலை பார்த்த சிறிய கம்பெனி, தன் இயந்திரங்களைச் சுவிஸ் தொழிற்சாலை ஒன்றில் நிறுவி இயக்கித் தர அவனை இரண்டு ஆண்டுக்கு அனுப்பியது. ஒருவருக்கு மட்டும் டிக்கெட். சம்பளம் இங்கே வாங்கிய அதே டாலரில். பாதியில் விட்டுவிட்டு வந்தால் டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வந்தாலும் வேலை இருக்காது. அப்போது ஒரு டாலரைக் கொடுத்தால் இரண்டே முக்கால் சுவிஸ் ஃப்ராங்க் கிடைத்தது. ராஜாவைப்போல இருக்கலாம் என்றார் கம்பெனிக்காரர். சாந்தகுமார் நம்பினான். அவன் எதையும் நம்பக்கூடியவன். அவனை அவள் மணந்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளம்புவதற்கு முந்தைய ஜெபக்கூட்டத்தில் அவன் எழுந்து சாட்சி சொன்னான். தேவன் தன்னைக் குப்பையிலிருந்து தூக்கிப் பிரபுக்களோடு உட்கார வைத்ததாகச் சொன்னான். அவன் அப்பா பள்ளி வாத்தியார். வீடு ஓட்டு வீடுதான், குப்பை இல்லை. ஆனாலும் சாட்சி என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும். முடிக்கும்போது, யாரும் எதிர்பாராத வகையில், சூரிச்சில் வாங்கப்போகும் முதல் மாதச் சம்பளம் முழுவதையும் சொந்த ஊர்ச் சபைக்கு முதற்பலனாகப் படைப்பதாகப் பொருத்தனை செய்தான். விளைச்சலில் முதல் கட்டைக் கோயிலுக்குக் கொடுத்த வயல்காரர்களின் பேரன் அவன். முதல் சம்பளம் கர்த்தருக்கு என்பது அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் புதிதல்ல. பள்ளிக்கூட வேலையோ, பாங்கு வேலையோ, எல்லாரும் கொடுத்ததுதான். ஆனால் அவர்களெல்லாம் அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு கொடுத்தார்கள். அந்த வேறுபாட்டை அன்று அந்த அறையில் ஒருவரும் எண்ணவில்லை. "ஸ்தோத்திரம்" என்று பல குரல்கள் எழுந்தன. ஜெயலீலாவுக்கும் அப்போதுதான் அது தெரிந்தது. மற்றவர்களோடு சேர்ந்து அவளும் "ஸ்தோத்திரம்" என்றாள்.

சூரிச்சில் வீடு கொடுப்பவர்கள் மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். சாந்தகுமார் முதல் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, முன்பணத்தைக் கடன் வாங்கிக் கட்டினான். கடனைத் தீர்ப்பதற்குள் டாலர் சரியத் தொடங்கியது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. பெரிய நாடுகளின் மந்திரிகள் எங்கோ ஒரு ஹோட்டலில் கூடிப் பேசி முடிவெடுத்தார்களாம். இரண்டே முக்கால் இரண்டேகால் ஆயிற்று, இரண்டாயிற்று, இந்த அக்டோபரில் ஒன்றரைக்குச் சற்று மேல் நின்றது. சம்பளம் அப்படியே இருந்தது. வாடகை அப்படியே இருந்தது. நடுவில் இருந்த மனிதன்தான் குறைந்துகொண்டே வந்தான்.

அது அவன் அனுப்பிய படங்களில் தெரிந்தது. ஏரிக்கரையில் அன்னங்களுக்கு முன்னால் எடுத்த ஒரு படத்தை ஜீவரத்தினத்தின் மனைவி ஞானம் ஆன்ட்டி எல்லாருக்கும் காட்டி, "சொர்க்கம்னா இதுதாம்மா," என்றாள். எல்லாரும் அன்னங்களைப் பார்த்தார்கள். ஜெயலீலா சட்டைக் காலரைப் பார்த்தாள். கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும். முடியை அவனே வெட்டிக்கொண்டிருந்தான் என்பது இடது காதுக்கு மேல் தெரிந்தது. அங்கே முடிவெட்டும் கூலிக்கு நான்கு நாள் சாப்பிடலாம் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். துணி துவைக்க அடித்தளத்தில் மெஷின் இருக்கிறதாம். இவனுடைய முறை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதற்கும் நாணயம் போட வேண்டும். ஆகையால் சட்டைகளைக் குளியலறைத் தொட்டியில் கசக்கி ஹீட்டர் மேல் காயப் போடுகிறானாம். ரொட்டி நல்ல ரொட்டி, தயிர் நல்ல தயிர் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினான். இறைச்சியைப் பற்றி ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஃபோன் அடித்தது. சூரிச்சில் அது கடைகள் மூடுகிற நேரம். தெருமுனை பூத்திலிருந்து அவன் பேசுவான். பேச்சுக்கு நடுவே நாணயங்கள் விழுவது கேட்டுக்கொண்டே இருக்கும்.

"லீலா."

"சொல்லுங்க அத்தான். செக் இன்னும் வரல."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். போன வாரம் அனுப்பிட்டேன்னு சொன்னேம்லா? அனுப்பல."

குரல் வாயில் துணி வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

"ஏன் பேச்சு ஒரு மாதிரி இருக்கு?"

"பல்லு. கடவாப் பல்லு. மூணு வாரமா வீங்கிக் கெடந்துச்சு. காப்பாத்திப் பாப்போம்னு டாக்டர் நோண்டுனாரு. இன்னைக்குக் காலைல புடுங்கிட்டாரு. ஊசி போட்டது இன்னும் மரமரன்னு இருக்கு."

"எவ்வளவு ஆச்சு?"

ஒரு நாணயம் விழுந்தது.

"சொன்னா நம்ப மாட்ட. நம்ம ஒரு மாச வாடகையும் போச்சு, பல்லும் போச்சு."

"இன்ஷூரன்ஸ் இருக்குல்லா?"

"இந்த ஊர் இன்ஷூரன்ஸ்ல பல்லு உடம்புல சேத்தி இல்ல." அவன் சிரித்தான். சிரிப்பும் பாதிதான் வந்தது.

"கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க அத்தான். திங்கக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்கப்புறம் கோர்ட்டு."

அவன் அடுத்த நாணயத்தைப் போட்டான்.

"இன்னைக்குக் கூட்டம் நம்ம வீட்லயா?"

"ஆமா."

"யார்ட்டயும் சொல்லிராத லீலா. நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? நான் எதாவது பண்ணுதேன்."

"என்ன பண்ணுவீங்க?"

பதில் வருவதற்குள் நாணயம் தீர்ந்துவிட்டது. அவள் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தாள். கோழித்தொடைகளை ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள். கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கலாம். தள்ளிப்போடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட காரணம் நோய் ஒன்றுதான். நோயென்று சொன்னால் மற்றப் பத்து வீட்டிலிருந்தும் ரசம் வந்துவிடும்.

மாலை நான்கு மணிக்கே ஞானம் ஆன்ட்டி, கூட்டத்துக்குப் பெரிய பாத்திரம் வேண்டுமே என்று, தன் வீட்டு அண்டாவோடு வந்து சேர்ந்தாள். அறுபதைத் தொடும் வயது, உரத்த குரல், நல்ல மனசு. வந்ததும் வராததுமாக அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, வெங்காயம் கருகுது பாரு. எங்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்க? ஆளும் மெலிஞ்சு போயிட்ட. டயட்டா?"

"இல்ல ஆன்ட்டி."

"தம்பி எப்ப வாராப்ல?"

"மார்ச்ல."

"அதுக்குள்ள ஒண்ணு சொல்லிரணும்னு நினைச்சேன். எங்க ஷீலா மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச். பெருசா ஒண்ணும் வேண்டாம். சும்மா, அங்க தெருவுல கெடைக்கிற மாதிரி ஒண்ணு. அந்த ஊர்ல வாட்ச்னா நம்ம உடன்குடில கருப்பட்டி மாதிரில்லா?"

"அங்க எல்லாம் வெல ஜாஸ்தி ஆன்ட்டி. ஒரு காபி ரெண்டரை ஃப்ராங்கு."

"இருக்கட்டுமே. சம்பளமும் ஃப்ராங்குலதானே குடுப்பான்?"

"இல்ல ஆன்ட்டி. டாலர்ல."

"டாலருன்னா இன்னும் நல்லதுல்லா!" ஞானம் ஆன்ட்டி கரண்டியால் அண்டாவின் விளிம்பைத் தட்டினாள். "எங்க வீட்டு அங்கிள் பாரு, இருவது வருஷமா கவுன்ட்டி ரோட்டுக்குத் தார் போட்டுக்கிட்டுக் கெடக்காரு. ஒரு ஊரு பாத்தோமா, ஒரு அன்னம் பாத்தோமா?"

ஜெயலீலா அடுப்பைத் தணித்தாள். இவளிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். ஏஞ்சலினுக்கு அம்மை கண்டபோது மூன்று இரவு வந்து படுத்தவள் இவள்.

"ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்லணும்."

ஞானம் ஆன்ட்டி உடனே குரலை இறக்கினாள். முகம் இளகி அருகில் வந்தது. "என்னம்மா? தம்பிக்கும் உனக்கும் ஏதாவது மனஸ்தாபமா? தனியா இருக்க ஆம்பள... சொல்லு, நான் யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"அதெல்லாம் இல்ல ஆன்ட்டி. இந்த மாசம் செக்கு..."

அந்தச் சொல் வெளியே வந்ததும் ஞானம் ஆன்ட்டியின் முகத்தில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. அன்பு குறையவில்லை, ஆனால் அன்பு ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டது. அவள் கை தானாக நகர்ந்து அண்டாவின் மூடியைப் பற்றியது.

"கர்த்தருக்குத் தெரியும்மா," என்றாள் வேகமாக. "அவருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. கூட்டத்துல 'மனசுல உள்ள விண்ணப்பம்'னு சொல்லிரு. அங்கிள் கோடு போட்டுக்கிடுவாரு. நாங்க எல்லாம் ஜெபிச்சுக்கிடுதோம். உப்பு பாத்தியா நீ?"

"பாத்தேன் ஆன்ட்டி."

"பத்தாது," என்று சொல்லி, ருசி பார்க்காமலே ஒரு பிடி உப்பைப் போட்டாள்.

ஐந்து மணிக்கெல்லாம் வாசலில் செருப்புகள் நிறைந்துவிட்டன. சோபா, சாப்பாட்டு நாற்காலிகள், தரையில் விரித்த இரண்டு ஜமுக்காளங்கள் என்று இருபத்தாறு பேர் அந்தச் சின்ன ஹாலில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் படுக்கையறையில் டிவி பார்த்தார்கள். இரண்டு பாட்டுப் பாடினார்கள். சங்கீதம் ஒன்று வாசித்தார்கள். ஜெயலீலா சமையலறை வாசலை ஒட்டி ஒரு நாற்காலியில் இருந்தாள். அவளால் ஒவ்வொருவருடைய காலுறையின் நிறத்தையும் சொல்ல முடிந்தது. சொற்கள் மட்டும் தொலைவில் எங்கோ பேசப்பட்டு வந்து சேர்ந்தன.

ஜீவரத்தினம் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு எழுந்தார். ஒல்லியான, நேரான மனிதர். பேச்சிலும் ஒரு நேர்கோடு உண்டு.

"ஜெப விண்ணப்பங்களுக்கு முன்னால ஒரு சந்தோஷ சமாச்சாரம். சாந்தகுமார் தம்பியோட ஊர்ச் சபையில இருந்து ஐயர் லெட்டர் போட்டிருக்கார். இந்தக் கூட்டத்துல வாசிக்கணும்னு கேட்டுக்கிட்டிருக்கார்."

குருவானவரின் கடிதத்தை அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சுவிட்சர்லாந்து தேசத்திலே தேவன் உயர்த்தியிருக்கிற அருமைச் சகோதரன் அனுப்பிய முதற்பலன் காணிக்கையைக் கொண்டு கோயில் வளாகத்தின் முகப்பில் அழகிய அலங்கார வளைவு கட்டி முடிக்கப்பட்டது என்றும், பிஷப்பாகிய அத்தியட்சர் அதைப் பிரதிஷ்டை செய்தார் என்றும், சகல ஜனங்களும் மகிழ்ந்தார்கள் என்றும் கடிதம் சொன்னது. உள்ளே ஒரு புகைப்படம் இருந்தது. அது கைக்குக் கை மாறி வந்தது. இளநீல வளைவு, அதன் இரு பக்கமும் வெட்டவெளி, நடுவில் பதித்த பளிங்குக் கல்லில் 'சுவிட்சர்லாந்து சாந்தகுமார் குடும்பத்தார் உபயம்' என்று எழுத்துகள்.

"குடும்பத்தார்னு போட்டிருக்கு பாரும்மா," என்றாள் ஞானம் ஆன்ட்டி, கண்கள் கலங்க. "உன்னையும் சேத்துத்தான்."

ஜெயலீலா படத்தை வாங்கிப் பார்த்தாள். வளைவு நன்றாக இருந்தது. அதன் கீழே ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. தன்னையும் மகளையும் அந்தக் கல்லில் தேடிப் பார்த்தாள். குடும்பத்தார் என்ற சொல்லுக்குள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. படத்தைப் பக்கத்து நாற்காலிக்குக் கொடுத்தாள்.

"இன்னொண்ணும் எழுதியிருக்கார்," என்றார் ஜீவரத்தினம். "வளைவு வந்தாச்சு, இரும்பு கேட் மட்டும் பாக்கியாம். ஆடுமாடு உள்ள வந்துருதாம். அதையும் இதே குடும்பம் எடுத்துச் செஞ்சா சாலப் பொருத்தமா இருக்கும்ங்கார். நான் ஒண்ணும் சொல்லல. ஜெயலீலாம்மாவும் தம்பியும் ஜெபிச்சு முடிவு பண்ணட்டும்."

"ஆமென்," என்று யாரோ சொன்னார்கள். இருபத்தைந்து முகங்களும் அவள் பக்கம் கனிவோடு திரும்பின. அவை எதிர்பார்த்தது ஒரு தலையசைப்பு. அவள் தலை அசைந்ததா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை. அசைந்ததாக எடுத்துக்கொண்டு அவை திரும்பிக்கொண்டன.

விண்ணப்பங்கள் தொடங்கின. ஜீவரத்தினம் நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். ஹேவர்டிலிருந்து வந்த ஜோசபின் தன் அப்பாவின் முழங்கால் ஆப்பரேஷனுக்காகக் கேட்டாள். ஒருவர் தம்பியின் விசா பேட்டிக்காகக் கேட்டார். ஒருவர் தம் மகன் ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பழகுகிறான் என்றார், எல்லாரும் சிரித்தார்கள், "அதுக்கு ஃப்ரீவேல போற மத்தவங்களுக்குல்லா ஜெபிக்கணும்," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வர, மறுபடி சிரித்தார்கள். ஜீவரத்தினம் எல்லாவற்றையும் எழுதினார்.

"வீட்டுக்காரம்மாவோட விண்ணப்பம்?" என்று கடைசியாக ஜெயலீலாவைப் பார்த்தார்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று தெரியவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்தபடியேதான் சொன்னார்கள். வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு வழிகளும் தெளிவாக இருந்தன. 'மனசுல உள்ள விண்ணப்பம்' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டால், ஒரு கோடு விழும். ஒரு நிமிடம் எல்லாரும் அவளுக்காகக் கண்களை மூடுவார்கள். கோழிக்குழம்பு சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிப் போவார்கள். திங்கட்கிழமை ஐந்து மணி வரும். அடுத்த மாதம் வேறு யார் வீட்டிலாவது, ஜெயலீலா குடும்பத்தின் 'பிரயாணப் பாதுகாப்பு'க்காக இவர்கள் உருக்கமாக ஜெபிப்பார்கள். அவர்கள் எங்கே பிரயாணம் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

"இந்த மாசம்..." என்றாள்.

ஞானம் ஆன்ட்டி ஜமுக்காளத்தில் இருந்தபடி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் அந்தப் பார்வைக்குப் பொருள் அவருக்குத் தெரியும்.

"மனசுல உள்ள விண்ணப்பம்தானேம்மா?" என்றார் ஜீவரத்தினம் இதமாக. "சொல்லக் கஷ்டமா இருந்தா சொல்ல வேண்டாம். தேவன் இருதயங்களைப் பாக்கிறவர்." நோட்டில் அவர் பேனா ஒரு சிறு கோட்டை இழுத்தது. "எல்லாரும் கண்களை மூடுவோம்."

இருபத்தைந்து ஜோடிக் கண்களும் மூடிக்கொண்டன. அதில் தப்பித்துக்கொண்ட ஒரு நிம்மதி இருந்தது. மூடிய இமைகளில்கூட அது தெரிந்தது. ஜெயலீலா மட்டும் நின்றுகொண்டும் கண்களைத் திறந்துகொண்டும் இருந்தாள். எல்லாரையும் அவள் ஒரே நேரத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை. ஜோசபினின் புடவைக் கரையில் ஒட்டுப் போட்டிருந்தது. பின்வரிசைக்காரரின் கைக்கடிகாரம் ஓடவில்லை. ஞானம் ஆன்ட்டியின் உதடுகள் ஏற்கெனவே ஜெபிக்கத் தொடங்கியிருந்தன. இவர்களெல்லாம் தன்னைப் போலவே ஏதோ ஓர் இழுப்பறையை மூடிவிட்டு வந்திருக்கக்கூடும் என்று அவளுக்கு எண்ணம் வந்தது. அந்த எண்ணமும் தொலைவிலிருந்துதான் வந்தது. ஆனால் வந்து சேர்ந்தது.

"கோடு போடாதீங்க அங்கிள்," என்றாள்.

ஜீவரத்தினம் கண்களைத் திறக்கவில்லை. "பரலோகத்திலிருக்கிற எங்கள்..." என்று தொடங்கினார்.

"அங்கிள், ஜெபத்த ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நான் வாய்விட்டே சொல்லுதேன்."

அவள் குரல் உயரவில்லை. டேகேரில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லும் குரல் அது. ஒவ்வொன்றாகக் கண்கள் திறந்தன.

"இந்த வீட்டுக்கு வாடகை குடுக்க எங்கட்ட பணம் இல்ல. அறுநூத்தி இருவது டாலர். திங்கக்கிழமை அஞ்சு மணிக்குள்ள குடுக்கலன்னா எங்கள வெளிய போகச் சொல்லுதாங்க. உங்க தம்பி சூரிச்ல ரொட்டியும் தயிரும் தின்னுக்கிட்டு இருக்காரு. ஒரு பல்லப் புடுங்குனதுக்கே எங்களுக்கு அனுப்ப வேண்டிய காசு போயிட்டு. அங்க இருந்து இனி வாட்ச்சும் வராது, இரும்பு கேட்டும் வராது. சொல்லாதன்னு சொன்னாரு. சொல்லிட்டேன்." அவள் மூச்சு விட்டாள். "பணம்னே எழுதுங்க அங்கிள். வேற எதுவும் போட வேண்டாம். ஜெயலீலாவுக்குப் பணம் வேணும்."